பாட்டைத் தெரியும், ஆளைத் தெரியுமா?

2009 ஜனவரி 20. அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதியாக ஒபாமா பதவியேற்ற நாள். அன்று ராத்திரி வாஷிங்டனில் விருந்து, நடனம். மேடையில் பியான்ஸே நின்றுகொண்டு 'அட் லாஸ்ட்' என்ற பழைய பாட்டைப் பாட, ஒபாமாவும் மிஷேலும் கட்டிக்கொண்டு மெதுவாக ஆடினார்கள். டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் என்ன நடந்தது? மிஷேல் போட்டிருந்த வெள்ளை கவுனைத் தைத்துக் கொடுத்த ஜேசன் வூ என்ற இளைஞர் உலகப் புகழ் அடைந்தார். பியான்ஸே பற்றி எழுதினார்கள். அதே பாட்டை 1960-ல் பதிவு செய்து தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்ட எட்டா ஜேம்ஸ் பற்றியும் எழுதினார்கள். எட்டா ஜேம்ஸுக்குக் கோபம். என் பாட்டை அந்தப் பெண் எப்படிப் பாடலாம் என்று சில நாள் கழித்து ஒரு கச்சேரியில் பொரிந்து தள்ளினார். அப்புறம் 'சும்மா தமாஷுக்கு' என்று சமாளித்தார்.

என் பாட்டு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால், கவுன் தைத்தவர் பெயர் தெரிந்த அளவுக்குக்கூட மெட்டுப் போட்டவர் பெயர் வெளியே வரவில்லை.

அவர் பெயர் ஹாரி வாரன்.

'யாருங்க அது?' என்கிறீர்களா? வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவிலேயே பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். மனிதர் 800-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர். பதினோரு தடவை ஆஸ்கர் பட்டியலில் இடம் பிடித்து, மூன்று தடவை வாங்கியவர். 1935-லிருந்து வாராவாரம் ரேடியோவில் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்திய 'யுவர் ஹிட் பரேட்' நிகழ்ச்சியில் இவருடைய பாட்டுகள் 42 இடம் பிடித்தன. அமெரிக்கப் பாட்டு என்றாலே எல்லோரும் கும்பிடும் இர்விங் பெர்லினுக்கு 33தான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனித் தலைநகரில் குண்டு விழுந்தபோது, 'தப்பான பெர்லின் மேல் போட்டுவிட்டார்கள்' என்று வாரன் சொன்னதாக ஒரு ஜோக் உண்டு. வயிற்றெரிச்சல்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் நியாயமான வயிற்றெரிச்சல்.

சரி, ஆள் யார்?

கலாப்ரியா (கவிஞர் இல்லை, ஊர்) இத்தாலியின் தெற்குக் கோடி. தேசப் படத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதன் கட்டைவிரல். அங்கிருந்து பிழைக்க வந்து நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறியவர் இவருடைய அப்பா. தொழிலும் பூட்ஸ் தைப்பதுதான். வீட்டில் பதினோரு குழந்தைகள். அதில் ஒருவர், 1893 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிறந்த சால்வத்தோரே அந்தோனியோ குவாரன்யா. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் என்ன செய்வது? பையன் சிறுவனாக இருக்கும்போதே அப்பா குடும்பப் பெயரை 'வாரன்' என்று மாற்றிவிட்டார். குவாரன்யாவில் முன்னும் பின்னும் கத்தரித்தால் வாரன். தையல்காரர் கையல்லவா!

பெயரில் இருந்த இத்தாலி அத்தோடு போயிற்று. பாட்டில் இருந்ததா, போயிற்றா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

வாரன் யாரிடமும் முறையாக இசை படித்தவரில்லை. அப்பாவின் அக்கார்டியனை எடுத்துத் தானே வாசித்துப் பழகினார். சர்ச்சில் பாடினார். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஊர் ஊராகப் போகும் கார்னிவல் கோஷ்டியில் டிரம்ஸ் அடித்தார். நாடகக் கொட்டகையில் பழம் விற்றார், மேடைக்குப் பின்னால் சாமான் தூக்கினார். புரூக்ளினில் இருந்த விடாகிராஃப் ஸ்டுடியோவில் எடுபிடி வேலை. அது பேசாத படக் காலம். நடிகைக்கு அழுகை வர வேண்டுமென்றால் காமிரா ஓடும்போது பக்கத்தில் சோகமாக ஒருவர் பியானோ வாசிக்க வேண்டும். அந்த ஒருவர் வாரன்.

இந்தக் கடைசித் தகவலை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அந்தப் பியானோ கேட்காது. நடிகையின் கண்ணீர் மட்டும்தான் தெரியும். வாழ்நாள் பூரா இவர் செய்த வேலையே அதுதான்.

1922-ல் முதல் பாட்டு அச்சாகியது. பாட்டு வெளியீட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை. 1929-ல் வார்னர் பிரதர்ஸ் நியூயார்க்கின் பெரிய பாட்டுக் கம்பெனிகளை மொத்தமாக விலைக்கு வாங்கியது. படம் பேச ஆரம்பித்துவிட்டது, பாட ஆரம்பித்துவிட்டது, பாட்டுக்கு வெளியே காசு கொடுப்பானேன் என்ற கணக்கு. வாரன் இருந்த ரெமிக் கம்பெனியும் அதில் போனது. கடையோடு சேர்த்துக் கடைப்பையனும் கைமாறிய மாதிரி இவர் ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தார். 1933-ல் '42-வது தெரு' படம் வந்தது. பொருளாதார மந்தத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த வார்னர் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய படங்களில் ஒன்று. பாட்டு எழுதியவர் அல் டுபின், சுவிட்சர்லாந்தில் பிறந்த ரஷ்ய யூதர். அந்தப் படத்தில் இந்த இரண்டு பேரும் பாட்டுக்காரர்களாகவே ஒரு சின்னக் காட்சியில் தலைகாட்டுகிறார்கள். கண் சிமிட்டினால் போய்விடும்.

அதே வருஷம் வந்த 'கோல்டு டிகர்ஸ் ஆஃப் 1933' படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம். அமெரிக்காவில் வேலை செய்யத் தயாராக இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத வருஷம் அது. மார்ச் மாதம் நாடு முழுக்க வங்கிகளை இழுத்து மூடியிருந்தார்கள். மே மாதம் படம் வருகிறது. முதல் காட்சியே பாட்டு. பெரிய பெரிய நாணயங்களை உடம்பில் ஒட்டிக்கொண்டு ஜிஞ்சர் ரோஜர்ஸும் கூட்டாளிப் பெண்களும் 'நம்மகிட்ட காசு இருக்கு' என்ற அர்த்தத்தில் குதூகலமாகப் பாடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கடன் பாக்கிக்காக ஜப்தி செய்ய ஆட்கள் வந்து செட்டைப் பிரித்து, பெண்கள் மேல் ஒட்டியிருக்கிற நாணயத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்!

அந்த மெட்டைக் கேட்டால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், 'இதை எங்கேயோ கேட்டிருக்கோமே?' கேட்டிருக்கிறீர்கள். வார்னர் கம்பெனி கார்ட்டூன்களையும் எடுத்தது. அந்த வரிசையில் ஒன்றான 'மெர்ரி மெலடீஸ்' தொடங்கப்பட்டதே கம்பெனியின் பாட்டுகளை விளம்பரப்படுத்தத்தான். ஆகவே பக்ஸ் பன்னி கூட்டத்தின் கார்ட்டூன்களில் பின்னணியாக ஓடும் மெட்டுகளில் வாரனுடையவை ஏராளம். உங்கள் வீட்டுக் குழந்தையும் கேரட் தின்னும் முயலைப் பார்த்து வாரனைக் கேட்டிருக்கும். பெயர் தெரியாமல்.

அந்தப் படம் முடிவதும் ஒரு பாட்டில்தான். இதில் சிரிப்பு இல்லை. முதல் உலகப்போருக்குப் போய் வந்து, இப்போது தெருவில் நிற்கிற சிப்பாயை மறந்துவிட்டீர்களே என்று ஒரு பெண் கேட்கிறாள். அணிவகுத்துப் போருக்குப் போகிறார்கள், காயத்தோடு திரும்பி வருகிறார்கள், அப்புறம் அதே ஆட்கள் இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். நடனம் அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பெர்க்லியின் காமிராவைத்தான் எழுதுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் ரொட்டிக்கு நிற்கும்போதும் ஒரே மெட்டு. அது திரும்பத் திரும்ப வரும்போது நெஞ்சில் கனம் ஏறிக்கொண்டே போகிறது. நாணயப் பாட்டையும் இதையும் ஒரே ஆள், ஒரே படத்துக்கு, ஒரே வாரச் சம்பளத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இங்கேதான் எனக்கு வாரன் ரசிகர்களோடு ஒரு சின்னத் தகராறு. அவர்கள், 'ஐயோ, இவரைப் புறக்கணித்துவிட்டார்களே, உலகம் துரோகம் செய்துவிட்டதே' என்று புலம்புவார்கள். வாரனே நிறையப் புலம்பியவர்தான். ஆனால் நடந்ததைக் கொஞ்சம் லெட்ஜர் போட்டுப் பார்க்கலாம். கெர்ஷ்வின் மேடையில் ஏறிப் பியானோ வாசித்தார். கோல் போர்ட்டர் பணக்காரர், அவருடைய வாழ்க்கையே செய்தி. பெர்லின் புத்திசாலி: சொந்தமாக வெளியீட்டுக் கம்பெனி, நியூயார்க்கில் பங்குதாரராக ஒரு தியேட்டர். மூவருமே பிராட்வே மேடைக்காரர்கள். அங்கே இசையமைப்பாளர் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் விற்பார்கள். ஹாலிவுட்டில் அப்படி இல்லை. நட்சத்திரத்தின் பெயரில்தான் டிக்கெட். மெட்டுப் போடுகிறவர் ஒரு டிபார்ட்மெண்ட். தச்சு டிபார்ட்மெண்ட், விளக்கு டிபார்ட்மெண்ட் மாதிரி மெட்டு டிபார்ட்மெண்ட்! வார்னர், அப்புறம் ஃபாக்ஸ், அப்புறம் எம்.ஜி.எம்., அப்புறம் பாரமவுண்ட் என்று வாரன் கம்பெனி மாறினாரே தவிர, சம்பளக்காரராகவே இருந்தார். சொந்தமாக வெளியீட்டுக் கம்பெனி தொடங்கியது 1950-களில், அறுபது வயதை ஒட்டி. 1956-ல் 'ஷாங்ரி-லா' என்று பிராட்வேயில் ஒரு முயற்சி. 21 காட்சிகளோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஆக, துரோகம் என்பதைவிட ஏற்பாடே அப்படி. மாதா மாதம் வருமானம் வேண்டும் என்று நினைக்கிற குடும்பஸ்தர் எடுக்கிற முடிவைத்தான் அவரும் எடுத்தார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையும் சாதாரணமில்லை. 1938-ல் இவருடைய ஒரே மகன் நிமோனியாவில் இறந்துபோனான். வயது பத்தொன்பது. அதே வருஷம்தான் ஜானி மெர்சர் வரிகளுக்கு 'ஜீப்பர்ஸ் கிரீப்பர்ஸ்' என்ற குஷியான பாட்டும் வந்தது. படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் அதை ஒரு பந்தயக் குதிரையைப் பார்த்துப் பாடுவார். குதிரையின் பெயரே அதுதான். இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

1942 பிப்ரவரியில் ஒரு ரேடியோ நிகழ்ச்சியில், பத்து லட்சத்தைத் தாண்டி விற்றதற்காக 'சாட்டனூகா சூ சூ' இசைத்தட்டுக்குத் தங்க முலாம் பூசிப் பரிசாகக் கொடுத்தார்கள். 'கோல்டு டிஸ்க்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மெட்டு வாரன். தட்டு போய்ச் சேர்ந்தது இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர் கையில். (வாரனுக்கு ரயில் ராசி உண்டு. சாட்டனூகா ரயில் பாட்டு, பஃபலோவுக்குத் தேனிலவு போகும் ரயில் பாட்டு, ஜூடி கார்லண்ட் படத்தில் மூன்றாவது ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த சாந்தா ஃபே ரயில் பாட்டு.)

இப்போது முக்கியமான கேள்வி. பெயரை விடுங்கள். மெட்டு எப்படி? கெர்ஷ்வின் பாட்டைக் கேட்டால் இரண்டு வரியில் 'ஆ, கெர்ஷ்வின்!' என்று சொல்லிவிடலாம். வாரன் பாட்டில் அந்த முத்திரை கிடையாது. இதைக் குறை என்று சொல்கிற விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஐ ஒன்லி ஹாவ் ஐஸ் ஃபார் யூ' என்ற காதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1934 படத்தில் டிக் பவல் பாடும்போது அது பளிச்சென்று, தலை வாரிப் பவுடர் போட்ட பாட்டு. 1959-ல் ஃபிளமிங்கோஸ் என்ற கறுப்பின இளைஞர்கள் அதையே மெதுவாக்கி, எதிரொலி சேர்த்து, பின்னால் விநோதமாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பாடினார்கள். நடு ராத்திரியில் கனவு கண்டு பாதியில் விழித்த மாதிரி இருக்கும். 1975-ல் ஆர்ட் கார்ஃபங்கல் காற்றுக் குரலில் பாடி, இங்கிலாந்தில் முதல் இடம். மூன்றும் ஒரே பாட்டு என்று சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள். மெட்டோ பெரிய தாவல் எதுவும் இல்லாமல் சின்னச் சின்ன அடியாகத்தான் நகர்கிறது. பாடுகிறவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. எட்டா ஜேம்ஸ் 'என் பாட்டு' என்று சொல்ல முடிந்ததே, அது அவர் திறமை மட்டுமில்லை. கிளென் மில்லர் குழு 1942-ல் பதிவு செய்த 'அட் லாஸ்ட்' மரியாதையான நடனப் பாட்டு. அதற்குள் இத்தனை ஏக்கம் ஒளிந்திருந்தது என்று எட்டா பாடும்வரை நமக்குத் தெரியாது. ஆனால் ஒளித்து வைத்தவர் வாரன்.

எல்லாம் இப்படி என்று சொல்ல மாட்டேன். 800 பாட்டில் கம்பெனிக்காகக் கையெழுத்துப் போட்ட மாதிரி வந்து போனதும் நிறைய உண்டு. தொழிற்சாலையில் அது சகஜம்.

இத்தாலிக்கு வருகிறேன். 1953-ல் டீன் மார்ட்டின் நடித்த காமெடிப் படத்துக்கு இத்தாலிய வாசனையோடு ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். அதுதான் 'தட்ஸ் அமோரே'. வரி எழுதிய ஜாக் புரூக்ஸ் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். நிலா பீட்சாவாகிறது, மணி அடிக்கிறது, சூப்பு வருகிறது. பாடிய டீன் மார்ட்டினின் நிஜப்பெயர் தீனோ குரோச்செத்தி, அவருடைய அப்பாவும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்தான். பெயரைத் தொலைத்த இரண்டு இத்தாலியர்கள் சேர்ந்து, ஒரு லிவர்பூல்காரர் எழுதிக் கொடுத்த இத்தாலியைப் பாடுகிறார்கள்!

இது போலி இத்தாலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் சுளித்தவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஸ்பகெட்டிமேல் பெரிய பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்துத் தருவது இத்தாலியில் வழக்கமில்லை. பிழைக்கப் போன இடத்தில், இறைச்சி மலிவாகக் கிடைத்தபோது, இவர்கள் கண்டுபிடித்த சாப்பாடு அது. அதனால் அது பொய்ச் சாப்பாடு ஆகிவிடுமா? அந்தப் பாட்டின் ஒன்று-இரண்டு-மூன்று தாளமும் அப்படித்தான். புரூக்ளினில் அப்பாவின் அக்கார்டியனில் பையன் பழகிய வால்ட்ஸ். நேப்பிள்ஸில் தேடினால் கிடைக்காது.

ஆனால் வாரனின் நிஜமான இத்தாலியை வேறு இடத்தில் கேட்கிறேன். மனிதர் ஓபரா மேதை புச்சினியின் பக்தர். 'தி மோர் ஐ ஸீ யூ', 'அட் லாஸ்ட்' மாதிரி மெதுவான பாட்டுகளில் ஒரு வரி முடியப்போகிறது என்று நினைக்கும்போது மூச்சு வாங்கி இன்னும் கொஞ்சம் நீளும். அக்கார்டியன் துருத்தியை இழுக்கிற மாதிரி. அங்கே பீட்சாவும் இல்லை, மணியோசையும் இல்லை. குவாரன்யா வீட்டுப் பையன் இருக்கிறார்.

வயதான காலத்தில் படவுலகம் இவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. சர்ச்சுக்காக லத்தீனில் ஒரு பெரிய வழிபாட்டு இசை எழுதினார். அந்த 1960-களில்தான் கத்தோலிக்க சர்ச்சே லத்தீனை விட்டு அந்தந்த ஊர் மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. நேரம்!

1980 ஆகஸ்ட் 25. '42-வது தெரு' நாடகமாக பிராட்வேயில் அரங்கேறியது. வாரனுக்கு 86 வயது. பழைய பாட்டுகளுக்கு ஓயாத கைதட்டல். கடைசியில் தயாரிப்பாளர் டேவிட் மெரிக் மேடைக்கு வந்து, டைரக்டர் கோவர் சாம்பியன் அன்று காலையில் இறந்துவிட்டார் என்று அறிவித்தார். நடித்தவர்களுக்கே அப்போதுதான் தெரியும். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் தலைப்பு. வேறென்ன இருக்க முடியும்? நாடகம் 3,486 காட்சிகள் ஓடியது. அடுத்த வருஷம் செப்டம்பரில் வாரன் போய்விட்டார்.

லாஸ் ஏஞ்சல்ஸில், மர்லின் மன்றோ இருக்கிற அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இவரும் இருக்கிறார். கல்லறைப் பலகையில் பெயரோடு சில இசைக்குறிகளையும் பொறித்திருக்கிறார்கள். 'யூ'ல் நெவர் நோ' பாட்டின் தொடக்கம். 1943-ம் வருஷத்துக்கான ஆஸ்கரை, இவருடைய இரண்டாவது ஆஸ்கரை, வாங்கிக் கொடுத்த பாட்டு.

வாரனை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதிலும் டிக் ஹேம்ஸ் பாடிய பதிவு. 1942 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவில் வாத்தியக்காரர்கள் ஸ்டிரைக், ரெக்கார்டிங்குக்கு ஒரு பிடில்கூடக் கிடையாது. ஹேம்ஸ் பாட, பின்னால் ஒரு கோரஸ் வாயாலேயே இசை சேர்க்கிறது. கணவனையும் மகனையும் போருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த வீடுகளில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பதிமூன்று வயதில் ஒரு புரூக்ளின் சிறுமி முதன்முதலாக ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்ததும் இதே பாட்டைத்தான். பார்ப்ரா ஸ்டிரைசாண்ட். ஆனால் முதலில் ஹேம்ஸ். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஃபேனைக்கூடக் கொஞ்சம் நிறுத்திவிட்டு கேளுங்கள்.